வயலும் வீடும்: ஆண்டு முழுவதும் குடும்பத்தைக் காக்கும் முறை

விதைநெல்லைத் தெரிந்தெடுத்தல், வரம்பு கட்டுதல், வாய்க்காலைத் துப்புரவு செய்தல் ஆகியவற்றைப் போகம் தொடங்குமுன்னரே முடித்துவிடும் கமக்காரர், தமது வீட்டையும் அதே கண்கொண்டு நோக்குவது அரிது. வீட்டுக்கு வருங் கேடு தலைவிதியால் வருவது என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மை அதுவன்று. கமத்தொழில் செய்யும் குடும்பத்தை வருத்துங் கேடுகளிற் பல, வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்துமே வீட்டுக்குள் வருகின்றன. அறுத்த நெல்லோடு எலி வருகிறது. எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. சேற்று நீரில் நின்ற காலின் வெடிப்பு வழியே காய்ச்சல் வருகிறது. தெளித்து மிஞ்சிய மருந்து, போத்தலோடு வந்து வீட்டு மூலையில் இருந்துவிடுகிறது. பயிரைத் தாக்கும் பூச்சி இன்ன மாதத்தில் வருமென அறிந்திருப்பது போலவே, இவை வருங் காலத்தையும் அறிந்து முன்னேற்பாடு செய்துகொள்ளலாம்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் பெரும்போகத்தோடு கமக்காரரின் ஆண்டு தொடங்குகிறது. ஆகவே வீட்டுக் காவலையும் அங்கிருந்தே தொடங்குவது பொருந்தும்.

மழைக்கு முன்

புரட்டாதி மாதத்திற் கூரை வேய்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். அதனினும் முக்கியமானது வீட்டின் அடிப்பகுதி. சுவரோடு சேர்த்து அடுக்கிய விறகு, உடைந்த ஓடு, கல், பழைய கிடுகு என்பன எலிக்கும் பாம்புக்கும் உறைவிடமாகும். இவற்றை வீட்டிலிருந்து இயன்ற அளவு தூரத்துக்கு அகற்றி, நிலத்திலிருந்து சற்று உயர்த்தி அடுக்குதல் வேண்டும். திண்ணையிலும் மண்சுவரிலும் உள்ள வளைகளை அடைத்துவிட வேண்டும். கதவின் கீழே இடைவெளி இருப்பின் ஒரு பலகைச் சட்டத்தை அறைந்தாற் போதும். செலவு சிறிது, பயனோ பெரிது.

இவ்விடத்தில் எட்டடி விரியனைப் பற்றி விரிவாகக் கூறுதல் அவசியமாகிறது. கட்டுவிரியன் என்றும் கூறப்படும் இப்பாம்பு பகலில் மறைந்து கிடந்து இரவிலே இரைதேடித் திரியும். அதன் பற்கள் மிகச் சிறியவை. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இரா. பற்குறி கூடச் சில வேளைகளிற் கண்ணுக்குத் தெரியாது. தரையிற் பாய் விரித்து உறங்குபவர், எறும்பு கடித்ததென எண்ணித் திரும்பிப் படுத்துவிடுவார். பின்னர் வயிற்றுநோவும் வாந்தியும் தோன்றும். அதன்பின் கண்ணிமைகள் தாமாகவே தாழும்; விழுங்கவும் பேசவும் இயலாமற் போகும்; ஈற்றில் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும். இரவில் உண்ட உணவு ஒவ்வவில்லை எனக் கருதி, சுடுநீரும் கசாயமும் கொடுத்து விடியும்வரை காத்திருப்பதே இங்கு நேரும் பெரும் பிழை. தரையில் உறங்கிய ஒருவர் நள்ளிரவில் வயிற்றுநோவுடன் எழுந்து, இமைகளைத் திறக்க முடியாது தவிப்பாராயின், பாம்பை எவருங் காணாவிடினும் அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காலந் தாழ்த்தாது செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்டால், முற்றாக அசைவற்றுக் கிடந்தவரும் எழுந்து நடப்பார்.

இக்கடியைத் தடுக்கும் வழி மிக எளிது. நிலத்திலிருந்து உயர்ந்த கட்டிலிற் படுக்கவேண்டும். கட்டில் இல்லாத வீட்டில், பாயின் மேல் நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட வேண்டும். வலை நுளம்பை மட்டுமன்றிப் பாம்பையுந் தடுக்கும். காவலுக்காக வயற்குடிசையிற் படுப்பவருக்கும் இது பொருந்தும்; சொல்லப்போனால் அவருக்கே இது முதலிற் பொருந்தும். இரவில் வெளியே செல்லும்போது ரோர்ச் விளக்கும் காலுக்குச் செருப்பும் இன்றிச் செல்லலாகாது.

இலங்கை முழுவதிலும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் வீடுவீடாகச் சென்று நடத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. ஏறத்தாழ 400 பேர் இறக்கின்றனர். கடியுண்டவருட் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர் என்பது இதனால் விளங்கும். கடித்தவுடன் அவரை அமைதிப்படுத்தி, மோதிரம், காப்பு, கொலுசு என்பவற்றைக் கழற்றி, கடியுண்ட காலையோ கையையோ அசையாதபடி தடியொன்றுடன் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாது தூக்கிச் செல்லவேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பச்சிலை அரைத்துப் பூசுதல் ஆகியன வேண்டா. இறுக்கிய கட்டினாற் காலையே இழக்க நேரிடும். பாம்பைத் துரத்திப் பிடிக்க முயன்று இன்னொருவர் கடியுண்பதும் உண்டு. அதற்குச் செலவிடும் நேரத்தை வழிப்பயணத்திற் செலவிடுவது நன்று. பாம்பு நஞ்சுக்கான எதிர்மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகவே ஏற்றப்படுகிறது. 1990 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். இவ்விலக்கத்தைச் சுவரிற் பெரிதாக எழுதிவைத்தல் நன்று. பதற்றத்தில் எவருக்கும் நினைவு வராது.

வயலில் நீர் நிற்குங் காலம்

எலிக்காய்ச்சல் என்பது எலியின் சிறுநீரால் மட்டும் வருவதன்று. மாடு, எருமை, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் அதன் கிருமி உண்டு. நீர் தேங்கிய வயலிலும் சேற்றிலும் அது உயிர்வாழ்ந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவோ கண், வாய், மூக்கு வழியாகவோ உடலுட் புகும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களின் பின் திடீரெனக் கடுங்காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலில் நோவு, கண் சிவத்தல் என்பன தோன்றும். சிறுநீர் குறைந்தாலோ நிறம் கறுத்தாலோ, கண்ணும் உடலும் மஞ்சளானாலோ நோய் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கியுள்ளதென அறிதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் எனக் கருதப்பட்டது. நெல் விளையும் ஈரவலயத்து மாவட்டங்களுக்கே உரிய நோய் என்று வடக்கிலுள்ளோர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெள்ளம் பரவியது. டிசெம்பரில் அங்கே காரணம் விளங்காத காய்ச்சலாற் சிலர் உயிரிழந்தனர். ஆராய்ந்தபோது அது எலிக்காய்ச்சலே எனத் தெளிவாயிற்று. எனவே, 'எங்கள் பக்கத்தில் இது இல்லை' என்று இனி எவருங் கூறுதற்கில்லை.

வயலில் இறங்குதற்கு முன்னும், வேலை நடைபெறுங் காலம் முழுவதும், வாரத்துக்கு ஒரு முறை உட்கொள்ளும்படி டொக்சிசைக்கிளின் என்னும் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் கமக்காரருக்கு இலவசமாக வழங்குகின்றனர். தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பெயரைப் பதிந்து இதனைப் பெற்றுக்கொள்ளலாம். கடையில் வாங்கித் தாமாகவே விழுங்குதல் தகாது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறுவர்களும் வைத்தியரின் சொற்படியன்றி இதனை உட்கொள்ளலாகாது. மாத்திரை எடுத்தவருக்கும் நோய் வரக்கூடும் என்பதை மறத்தலாகாது. காலிலோ கையிலோ புண் உள்ளவர் அது ஆறும்வரை சேற்றில் இறங்காதிருப்பதே நன்று. இறங்கியே ஆகவேண்டுமெனில் இறப்பர்ச் சப்பாத்து அணிந்து இறங்கவேண்டும். வாய்க்கால் நீரில் முகங் கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் வேண்டா.

இக்காலத்திலேயே டெங்குக் காய்ச்சலும் பெருகும். இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆதலால் எக்காய்ச்சலுக்கும் பரசிற்றமோல் தவிர்ந்த வேறு நோவு மாத்திரைகளைக் கொடுத்தலாகாது. வைத்தியரிடம் செல்லும்போது, 'வயலில் வேலை செய்தேன்' என்று கூறவேண்டியது நோயாளியின் கடமை. அவர் கேட்கும்வரை காத்திருப்பதாற் பயனில்லை. அவ்வொரு சொல்லே சரியான மருந்தை விரைவிற் பெற்றுத்தரும்.

இடியும் புயலும்

இடிமின்னல் சித்திரையிலும், மீண்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். முதல் இடியோசை கேட்டவுடன் வெளி வயலை விட்டு வீட்டுக்குட் செல்லுதல் வேண்டும். தனித்து நிற்கும் பனையின் கீழ் ஒதுங்குவதினும் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடப்பது மேல். கடைசி இடியின் பின் அரை மணி நேரம் கழிந்தே வேலைக்குத் திரும்பலாம்.

1964 டிசெம்பர், 1978 நவம்பர், 2008 நவம்பர், 2025 நவம்பர் ஆகிய மாதங்களிற் புயல்கள் வந்து பெருஞ்சேதம் விளைத்தமையை நோக்குமிடத்து, கார்த்திகையும் மார்கழியுமே வடக்கு, கிழக்குக் கமக்காரர் மிகவும் விழிப்பாயிருக்கவேண்டிய காலம் என்பது தெளிவு. புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று முற்றாக ஓய்ந்துவிடும். ஓய்ந்ததென நம்பி மாட்டைப் பார்க்கவும் கூரையைத் தேடவும் வெளியே செல்பவரை, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து எழுங் காற்று வீழ்த்திவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் வரும்வரை உள்ளேயே இருத்தல் வேண்டும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வைத்திய அட்டை ஆகியவற்றை ஒரே பிளாத்திக்குப் பையிலிட்டு, எவரும் இருட்டில் எடுக்கக்கூடிய இடத்தில் ஐப்பசியிலேயே வைத்துவிட வேண்டும். மாடுகளைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டே மேட்டு நிலத்துக்குச் செல்லவேண்டும்; கட்டுண்ட மாடு நீந்தாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117 ஆகும்.

நஞ்சுப் போத்தல்

பூச்சிக்கும் களைக்கும் தெளிக்கும் மருந்துகளை வீட்டில் எங்கே வைத்திருக்கின்றனர் என வினவினால், கட்டிலின் கீழ், கூரைக் கைமரத்தின் இடுக்கில், அடுப்படித் தட்டில் என்றே பலரும் கூறுவர். களவு போகும் என்ற அச்சமே அவற்றை வீட்டுக்குட் கொண்டுவருகிறது. விலை மிகுந்த பொருளைக் காக்கவே மனிதர் நினைக்கின்றனர்; அதே பொருளிலிருந்து வீட்டாரைக் காக்க நினைப்பதில்லை.

சிறுவர்களைப் பற்றி முதலிற் கூறவேண்டும். மருந்தைச் சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வைப்பது எக்காரணத்தாலும் கூடாது. அயலவருக்குப் பாதிப் போத்தல் கொடுக்கும்போதே இத்தவறு பெரும்பாலும் நிகழ்கிறது. மண்ணெண்ணெயும் இவ்வாறே. தவழும் பிள்ளை நீரென நினைத்து அதனைக் குடித்துவிடும். குடித்த பிள்ளைக்கு வாந்தி வரச்செய்தால் மண்ணெண்ணெய் நுரையீரலுட் புகுந்து பெருங் கேடு விளைக்கும். எதை விழுங்கியிருந்தாலும் வாந்தி எடுப்பிக்காது, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதலே செய்யத்தக்கது.

பெரியவர்களைப் பற்றியும் மறைக்காது கூறவேண்டும். கடன், விளைச்சல் இழப்பு, வீட்டுச் சச்சரவு என்பவற்றால் மனமுடைந்த ஒரு கணத்தில், கைக்கெட்டும் இடத்தில் நஞ்சு இருந்தமையாலேயே பல உயிர்கள் போயுள்ளன. அவ்வெண்ணம் பலருக்குச் சில மணி நேரத்திற் கடந்துபோவது; நஞ்சு கைக்கெட்டாதவர் மறுநாள் உயிரோடிருந்து தம் வேலையைப் பார்க்கின்றனர். கடும் நஞ்சுள்ள மருந்துகளைத் தடைசெய்ததன் பின் இலங்கையில் இவ்வகை இறப்புகள் பெரிதும் குறைந்தன. 1995இல் மொனோகுரோட்டோபொஸ் முதலியனவும், 2008க்கும் 2011க்கும் இடையிற் பரகுவாற், டைமெதோயேற், பென்தியன் ஆகியனவும் நிறுத்தப்பட்டன. விளைச்சல் விழுந்துவிடும் என அப்போது சிலர் அஞ்சினர், அவ்வாறு நிகழவில்லை.

பூட்டிய பெட்டியில் வைத்தாற் போதாதா எனக் கேட்கலாம். வடமத்திய மாகாணத்தின் 180 கிராமங்களில் இது ஆராயப்பட்டது. பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி வழங்கப்பட்டது. மற்றைப் பாதியில் வழங்கப்படவில்லை. 2017இல் வெளியான முடிவின்படி, நஞ்சருந்தியோரின் தொகையில் இரு பகுதிக்கும் வேறுபாடு காணப்படவில்லை. சிறு பிள்ளைக்கு எட்டாதிருக்கப் பெட்டி வேண்டும், அதிற் குறையில்லை. ஆயினும் திறப்பு எங்கே தொங்குகிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர் யாவரும் அறிவர். ஆதலால் பெட்டியை மட்டும் நம்பாது, வீட்டில் மருந்தே மிஞ்சாதபடி செய்வதுதான் மேலான காவல். ஒரு தெளிப்புக்கு வேண்டிய அளவே வாங்குதல், சிறிய போத்தலாக வாங்குதல், விலை குறைவென்று அடுத்த போகத்துக்கும் சேர்த்து வாங்காதிருத்தல், இரண்டு மூன்று கமக்காரர் கூடி ஒரே நாளில் வாங்கி அன்றே தெளித்து முடித்தல் என்பன எவருக்கும் இயல்வன. பீடையைக் காணாமலே நாட்கணக்குப் பார்த்துத் தெளிக்கும் வழக்கத்தை விட்டால், வாங்க வேண்டிய அளவே குறைந்துவிடும். மனம் வாடியிருப்பவர் எவரேனும் வீட்டில் இருப்பின், மிஞ்சிய போத்தலை அன்றே வீட்டிலிருந்து அகற்றி, அவரோடு அமர்ந்து பேசவேண்டும். 1926 என்னும் இலக்கத்தில் மனநல ஆலோசனையை எந்நேரமும் பெறலாம்.

தெளித்தவர் உடுத்த உடையோடு பிள்ளையைத் தூக்கலாகாது. சவர்க்காரமிட்டு நீராடிய பின்னரே வீட்டுக்குட் செல்லவேண்டும்; அவ்வுடையைப் பிறவற்றோடு சேர்க்காது தனியே தோய்க்க வேண்டும். வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிவிட்டு, போத்தலிற் துளையிட்டு எவரும் மீண்டும் பயன்படுத்த முடியாதபடி செய்தல் நன்று. கத்தரி, மிளகாய், பயிற்றை ஆகியவற்றைத் தெளித்த நாளிலிருந்து எத்தனை நாட் கழித்துப் பறிக்கலாம் என்பது போத்தலின் சுட்டுத்துண்டிற் குறிக்கப்பட்டிருக்கும். சந்தைக்குப் போவதற்கு மட்டுமன்றி, வீட்டுக் கறிக்கும் அந்நாட் கணக்கு உண்டு.

அறுவடைக் காலம்

தை, மாசி மாதங்களிற் கண்ணாடி விரியனின் கடி மிகும். வரம்போரத்திலும் வைக்கோலின் கீழும் அது அசையாது கிடக்கும். பெரும்பாலும் கணுக்காலையும் பாதத்தையுமே கடிக்கும், கடித்த இடம் வீங்கும், இரத்தம் உறையாது ஒழுகும், சிறுநீரகங் கெடும். வைக்கோலை வெறுங்கையால் அள்ளாது, முதலில் தடியாற் கிளறிப் பார்த்தல் வேண்டும். சப்பாத்து அணிந்து அறுப்பது இடைஞ்சல் எனச் சொல்வோர் உளர். இடைஞ்சல்தான், எனினும் அது ஒரு மாத இடைஞ்சலே.

நெல் மூடைகளை உறங்கும் அறையில் அடுக்கும் வழக்கம் விடத்தக்கது. எலியும் அதன் பின்னே பாம்பும் வருவது ஒருபுறமிருக்க, காட்டோரக் கிராமங்களில் நெல் மணத்தை நாடி யானை சுவரை இடித்துவிடும். நெல்லைத் தனிக் கொட்டிலில், பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கவேண்டும். பன்றிக்கென வீட்டு மின்சாரத்திலிருந்து வயலுக்குக் கம்பி இழுப்பது சட்டத்துக்கு மாறானது. பன்றியை விட அயலவரும் வீட்டாருமே அதில் அகப்படுகின்றனர்.

கோடைக் காலம்

வைகாசி முதல் ஆவணி வரை கிணற்று நீர் கீழிறங்கும். இறைப்பு இயந்திரம் நீரை எடுக்காதபோது அதனைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து இயக்குவோர் உளர். இயந்திரத்தின் புகையில் நிறமும் மணமுமற்ற நச்சுவாயு உண்டு; அது கிணற்றுக்குட் தேங்கிச் சில நிமிடங்களில் மனிதரை மயக்கிவிடும். மயங்கியவரை மீட்க மகனும், மகனை மீட்கச் சகோதரனும் இறங்கி ஒருவர் பின் ஒருவராக வீழ்வதே இவ்விபத்தின் இயல்பு. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை இங்கே உதவாது. காற்றில் உயிர்வாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும். இந்த வாயு கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இயக்காதிருப்பது ஒன்றே வழி. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், மேலே நிற்பவர் இறங்காது உதவிக்கு ஆள் கூட்டவேண்டும்.

தோட்டக் கிணறுகளிற் பல இன்னும் கட்டு இல்லாதவை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் குறைந்தது பனைமட்டை வேலியாவது கிணற்றைச் சுற்றி அடைக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில், தோட்டத்துக்கு இட்ட உரமும் எருவும் சுண்ணாம்புப் பாறையின் ஊடாகக் கிணற்றை அடைவதால், நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் உள்ளன. அந்நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டினால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உதடும் நகமும் நீலநிறமாகும். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குழந்தைக்குத் தாய்ப்பாலே கொடுத்தல் வேண்டும். வேறு நீர் தேவைப்படின், தோட்டத்திலிருந்து விலகிய, பரிசோதிக்கப்பட்ட கிணற்று நீரைக் கொணர்தல் வேண்டும். கிணற்று நீரைப் பரிசோதிக்கும் ஒழுங்கைப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம்.